பெட்டிக்குள் இருக்கும் ஆள்

கடந்த ஏப்ரல் விடுமுறையின்போது ஒரு மாலை வேளையில் எமது பழைய மாணவி ஒருத்தி எம்மைக் காண வந்தாள். உயர்தரப் பரீட்சையிலே சித்தியடைந்தும் பல்கலைக்கழகம் புகுவதற்கு வேண்டிய வெட்டுப்புள்ளியைச் சிறியதொரு பின்னத்தால் இழந்தவள். அட்டனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றின் லயத்திலே தாயுடனும் தம்பியுடனும் வாழ்பவள். மழைக்குப் பொலித்தீன் சுற்றிய பழைய மடிக்கணினியொன்றை மார்போடு அணைத்தபடி வாசலிலே நின்றாள். உள்ளே அழைத்து, தேநீர் கொடுத்து, வந்த காரியம் யாதென வினவினோம்.

“இங்கிலீசுல ஒரு கடிதம் எழுதித் தரணும் சேர்” என்றாள்.

எமக்குச் சேனாவரையரோடு ஓரளவு பழக்கமுண்டு. ஆங்கில வணிகக் கடிதத்தோடு அத்தகைய உறவு இல்லை. எனினும் கேட்டவள் எமது மாணவி. ஆதலின் விடயத்தைச் சொல்லுமாறு பணித்தோம்.

அவள் செய்யும் தொழிலை அன்றுதான் கண்ணாரக் கண்டோம். கணினித் திரையிலே அந்நிய நகரொன்றின் வீதி தோன்றுகிறது. அவ்வீதியிற் செல்லும் ஒவ்வொரு காரையும் சுற்றி ஒரு கட்டம் வரைய வேண்டும். நடந்து செல்வோரைச் சுற்றி வேறு நிறத்திலே ஒரு கட்டம். சமிக்ஞை விளக்குக்கு ஒன்று. துவிச்சக்கர வண்டிக்கு ஒன்று. சாரதியின்றித் தானே ஓடும் வாகனத்துக்கு வீதியைக் கற்பிப்பதற்காக இவை வேண்டப்படுகின்றனவாம். ஒரு படத்துக்குக் கூலி அமெரிக்கக் காசிலே 2 சதம். சில படங்களிலே வீதி முழுவதும் வெண்பனி மூடிக் கிடந்தது. பனியை ஒருநாளும் கண்டறியாத அப்பெண், பனியின் கீழே புதைந்து கிடக்கும் காரின் விளிம்பைத் தேடிப்பிடித்துக் கோடு கீறுவதை வியப்போடு பார்த்திருந்தோம்.

ஆறு இரவுகள் விழித்திருந்து 1,140 படங்களை அவள் முடித்து அனுப்பியிருக்கிறாள். தம்பி உறங்கிய பின்னரே மேசை கிடைக்கும். ஆகையால் இரவிலேதான் வேலை. ஏழாம் நாள், ‘தரம் போதாது’ என்னும் பொருள்பட ஒற்றை வரி வந்தது. கிடைக்கவேண்டிய 22 டொலர் 80 சதமும், நமது பணத்திலே ஏறக்குறைய ஏழாயிரம் ரூபாய், இல்லையென்றாயிற்று. எந்தப் படத்தில் என்ன பிழை என்ற விளக்கமில்லை.

“பிழைன்னா திருப்பித் தந்துறணும்ல சேர்? படத்தையும் வச்சிக்கிட்டாங்க, காசும் இல்லேங்கிறாங்க.”

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கு எழுதப்போவதில்லை. அவளுக்கு அதனிடம் இன்னும் வேலை இருக்கிறது.

இவ்விடத்திலே எமது பங்கையும் ஒளியாமற் சொல்லிவிட வேண்டும். 2018ஆம் ஆண்டு எமது பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலே நாம் ஓர் உரை நிகழ்த்தினோம். இணையம் வந்துவிட்டது, இனி மலையகத்துப் பெண் பிள்ளை கூடை சுமக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தபடியே உலகத்தோடு வேலை செய்யலாம் என்றெல்லாம் முழங்கினோம். செய்தித்தாள்களின் தொழில்நுட்பப் பக்கங்களிலே நாம் அந்நாளிற் படித்தவை அத்தகையன. கைதட்டல் பலமாக இருந்தது. அவள் அப்பொழுது முன்வரிசையிலே இருந்த மாணவத் தலைவி. “நீங்க அன்னைக்குச் சொன்னதுதான் சேர் மனசுல இருந்துச்சு” என்று அவள் நன்றியோடு கூறியபோது எமக்குத் தலை நிமிரவில்லை.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடிதத்தை எழுதி முடித்தோம். வேலை ஏற்கப்படாதாயின் அதனைப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்துவதாயின் கூலி தருக. இவையே அதன் சாரம். ஐந்து நிமிடத்துக்குள் பதில் வந்தது. அவளது மடல் பெரிதும் மதிக்கப்படுவதாகவும் இம்முகவரிக்குப் பதில் எழுதவேண்டாமென்றும் அதிலே கண்டிருந்தது. எழுதியவரின் பெயர் இல்லை. மனிதர் எவரேனும் அதனை எழுதினாரா என்பதற்கும் சான்றில்லை.

அவள் சென்ற பின்னர், இந்த வியாபாரம் எங்கே, எவ்வாறு பிறந்தது என்று தேடத் தொடங்கினோம். விடுமுறை அதற்கே செலவாயிற்று. தேடல் எம்மை 18ஆம் நூற்றாண்டுக்கு இழுத்துச் சென்றது.

1770ஆம் ஆண்டு, வியன்னா நகரிலே, மரியா தெரேசா மகாராணியின் சபையில், வொல்ஃப்காங் வொன் கெம்பலன் என்பவர் ஒரு பொறியைக் கொணர்ந்து நிறுத்தினார். மூன்றரை அடி நீளமும் இரண்டரை அடி உயரமும் கொண்ட ஒரு மரப்பெட்டி. பெட்டியின் மீது சதுரங்கப் பலகை. அதன் பின்னே தலைப்பாகையும் அங்கியும் தரித்த துருக்கன் வடிவிலே ஒரு பாவை. கெம்பலன் பெட்டியின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளேயிருக்கும் பற்சக்கரங்களை மெழுகுதிரி வெளிச்சத்திலே காட்டுவார். பின்னர் கதவுகளை மூடிச் சாவி கொடுப்பார். பாவை கையை நீட்டிக் காயை நகர்த்தும். சபையோர் பலர் அதனிடம் தோற்றனர். பாரிசிலே பெஞ்சமின் பிராங்ளின் அதனோடு ஆடினார். 1809இல் நெப்போலியன் ஆடினார், பேரரசரும் தோற்றார்.

உள்ளே ஓர் ஆள் இருந்தான். கதவுகள் திறக்கப்படும் ஒழுங்கையறிந்து, நகரும் பலகையொன்றிலே உட்கார்ந்தபடி அவன் இடமும் வலமுமாக ஒதுங்கிக்கொள்வான். காய்களின் அடியிலே காந்தம் இருந்தது. மேலே ஒரு காய் நகர்ந்தால், பலகையின் கீழே அவன் தலைக்கு நேராகத் தொங்கும் சிறு உலோகத் துண்டு அதனைக் காட்டிக்கொடுக்கும். ஒரு மெழுகுதிரியின் வெளிச்சத்திலே அவன் ஆடினான். அத்திரியின் புகை வெளியே தெரியாதிருக்கப் பெட்டியின் மேலும் மெழுகுதிரிகள் ஏற்றி வைக்கப்பட்டன. அந்தப் புகைக்குள்ளே, கால் நீட்ட இடமின்றி, பேரரசர்களை வென்றுகொண்டிருந்த மனிதனை எண்ணிப் பார்க்கிறோம். உதயணன் கதையிலே வரும் யானைப் பொறிக்குள்ளும் ஆட்கள் ஒளிந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் வெளியே குதித்துப் போர் செய்தார்கள். இவனுக்கு வெளியே வரும் உரிமை இல்லை. பிற்காலத்திலே அப்பொறி மெல்செல் என்பவர் வசமாகி அமெரிக்கா சென்றது. உள்ளிருந்து ஆடிய ஷ்லும்பேர்கர் என்னும் அல்சேசியர் 1838இல் கியூபாவிலே மஞ்சட் காய்ச்சலால் இறந்தார். பொறி 1854இல் பிலடெல்பியாவிலே தீக்கிரையாயிற்று.

அப்பெயரை மீண்டும் எழுப்பியவர்கள் அமெரிக்காவின் அமேசன் கொம்பனியார். அவர்களது இணையக் கடையிலே ஒரே பொருள் இரண்டு மூன்று பக்கங்களிலே வெவ்வேறாகப் பதியப்பட்டிருந்தது. இரண்டும் ஒன்றே என்று கண்டுபிடிக்கக் கணினியால் இயலவில்லை. மனிதக் கண்ணுக்கோ அது ஒரு நொடி வேலை. ஆகவே வேலையைத் துண்டு துண்டாக வெட்டிப் பலரிடம் பகிர்ந்து, விடைகளைக் கணினியே தொகுத்துக்கொள்ளும் முறையொன்றை வகுத்தனர். 2005ஆம் ஆண்டு நவம்பரிலே அதனைப் பிறர்க்கும் திறந்துவிட்டனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘மெக்கானிக்கல் டேர்க்’, அதாவது இயந்திரத் துருக்கன். விளம்பர வாசகம், ‘செயற்கையான செயற்கை நுண்ணறிவு’ என்பது. பெட்டிக்குள் ஆள் இருப்பதைக் கெம்பலன் மறைத்தார். இவர்களோ அதனையே பெயராகச் சூட்டி விற்றார்கள். இவ்வளவு வெளிப்படையான வணிகப் பெயரை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

வேலை கொடுப்போர் படங்களை இடுவார்கள்; வேலை செய்வோர் சதக்கணக்கிற் கூலி பெறுவார்கள்; நடுவிலே நிற்கும் கொம்பனி தரகு எடுக்கும். தொடக்கத்தில் 10 வீதமாக இருந்த தரகு 2015இலே 20 வீதமாகவும், ஒரே வேலையைப் பத்துப் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் செய்யும்போது 40 வீதமாகவும் உயர்ந்தது. செய்த வேலை பிடிக்காவிட்டால் கூலி மறுக்கும் உரிமை வேலை கொடுப்பவருக்கு இருந்தது. மறுத்த வேலையைத் தாமே வைத்துக்கொள்ளும் உரிமையும் இருந்தது. எமது மாணவிக்கு நேர்ந்ததன் மூலச் சட்டம் இதுவே. அவளது நிறுவனம் வேறு. ஆயினும் சட்டம் ஊர் ஊராகப் பரவியிருக்கிறது.

பல ஆண்டுகளாக அமெரிக்காவிலும் இந்தியாவிலும் இருந்தோர் மாத்திரமே அவ்வேலைக்குப் பணம் பெற முடிந்தது. ஏனைய நாட்டவர்க்கு அக்கடையிலேயே பொருள் வாங்குவதற்கான பற்றுச்சீட்டுத்தான் கூலி. இதனைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் வெளியே சென்று நின்றோம். எமது பாட்டனார் காலத்திலே தோட்டத்து அரிசியைத் தோட்டமே கொடுத்து, அதன் விலையைத் தோட்டமே சம்பளத்திற் கழித்துக்கொண்ட கதையை எம் வீட்டிலே எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்.

நாம் லயத்திலே பிறந்தவர். எமது தாயார் முப்பது ஆண்டுக்கு மேலாகக் கொழுந்து பறித்தவர். நிறுவைக் களத்தை அறியாதவர்க்கு ஒரு சொல்: நாளொன்றுக்கு இத்தனை கிலோ பறித்தாற்றான் செக்றோலிலே முழுப் ‘பேர்’ விழும். தோட்டத்துக்குத் தோட்டம் அந்த அளவு மாறும். கொழுந்து குறைந்த மாதத்திலும் அது குறையாது. எட்டாவிட்டால் அரைப் பேர். மழை நாளிலே கொழுந்து நனைந்திருக்கிறதென்று ஒரு கிலோ கழிப்பார்கள். சாக்குக்கென்று ஒரு கிலோ கழிப்பார்கள். முற்றல் இலை கலந்திருக்கிறதென்று இன்னுமொரு பிடி. கழித்த கொழுந்தைக் கூடையிலே திருப்பிப் போட்டதை நாம் கண்டதில்லை. அதுவும் சாலைக்குப் போய், தூளாகி, கப்பலேறிச் செல்லும்.

எழுதப் படிக்கத் தெரியாத எமது தாயார் இரவிலே அடுப்புக் கரியால் சுவரிலே கோடு கிழிப்பார். முழுப் பேருக்கு நீண்ட கோடு, அரைப் பேருக்குக் குறுங்கோடு. சம்பள நாளிலே எம்மைச் சுவரருகே நிறுத்தி எண்ணச் சொல்வார். நாம் முதலிற் கற்ற கணிதம் அச்சுவரிலே கற்றதுதான். ஒரு முறை மூன்று கோடுகள் கூடுதலாக இருந்தன. எமது தாயார் மறுநாட் காலை பிரட்டுக் களத்திலே கணக்கப்பிள்ளையை மறித்து நின்று, தமக்கே உரிய தமிழிலே, அங்கு எழுத முடியாத சில சொற்களையும் சேர்த்து, நியாயம் கேட்டார். மூன்றிலே இரண்டு பேர் திரும்பக் கிடைத்தன.

அவ்விடத்திலேதான் எமது மாணவியின் நிலை இன்னும் கொடியதாக எமக்குத் தோன்றுகிறது. கணக்கப்பிள்ளைக்கு முகம் இருந்தது. அவருக்கு வீடு இருந்தது. கோயில் திருவிழாவிலே அவரைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் முடிந்தது. பக்கத்து நிரையிலே பறிக்கும் பெண்ணுக்கு இன்று எத்தனை கிலோ கழித்தார்கள் என்பது உடனே தெரியும். இவளுக்கோ வேலை கொடுப்பவர் ஓர் எண். தன்னைப்போல் எத்தனை பேர் அதே இரவிலே அதே வீதிக்குக் கட்டம் கீறுகிறார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாது.

மெக்கானிக்கல் டேர்க்கிலே உழைத்த 2,676 பேர் செய்த 38 இலட்சம் சிறு வேலைகளை ஆராய்ச்சியாளர் சிலர் கணக்கிட்டு 2018இலே வெளியிட்டனர். அவர்களது இடைநிலை வருமானம் மணிக்கு ஏறத்தாழ 2 டொலர். அமெரிக்கச் சட்டம் விதித்த குறைந்த கூலி 7 டொலர் 25 சதம். அதனிலும் கூடுதலாகப் பெற்றோர் நூற்றுக்கு 4 பேர். வேலையைத் தேடும் நேரத்துக்கும் கழிக்கப்பட்ட வேலைக்கும் கூலி இல்லாமையே இதற்குப் பெருங்காரணமென்று அவர்கள் கண்டனர். எமது தாயாரிடம் கேட்டிருந்தாலும் இதனைச் சொல்லியிருப்பார்.

இத்தகைய உழைப்பின்மீது எழுந்த கட்டடமோ பெரிது. 2009இல் வெளிவந்த இமேஜ்நெட் என்னும் படத் தொகுதியை எடுத்துக்கொள்வோம். ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட படங்கள். ஒவ்வொன்றிலும் இருப்பது நாயா, படகா, காளானா என்று பார்த்துக் குறித்தவர்கள் 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49,000 பேர்; மெக்கானிக்கல் டேர்க்கின் வழியாகவே குறித்தார்கள். 2012இலே அத்தொகுதியை வைத்து நடந்த போட்டியில் தொரொன்ரோப் பல்கலைக்கழகத்து ஜெஃப்ரி ஹின்டனும் அவருடைய மாணவர் இருவரும் வென்றனர். இன்றைய செயற்கை நுண்ணறிவின் பெருக்கம் அவ்வெற்றியிலிருந்து வேகம் கொண்டது. ஹின்டனுக்கு 2024இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அப்பேரறிஞரின் தகுதியிலே எமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அந்நாளைய செய்திகளை ஆவலோடு படித்த நாம், 49,000 பேரைப் பற்றி ஒரு வரி தேடினோம். எமது கண்ணிற் படவில்லை.

தொழில்நுட்பச் செய்தியை அலசுவோரின் பேச்சிலே ஒரு பழக்கம் உண்டு. புதிய வணிக யோசனையொன்று பிறந்தால், அது எவ்வளவு விரைவாகப் பெருகும், எத்தனை கோடி மூலதனம் வந்து சேரும், தொடங்கியவர் கல்லூரிப் படிப்பை முடித்தாரா இடையில் விட்டாரா என்றெல்லாம் நுணுகிப் பேசுவார்கள். ‘இயந்திரம் கற்றுக்கொண்டது’ என்பார்கள். தமிழிலக்கணத்திலே செயப்படுபொருள் குன்றிய வினை என்று ஒன்று உண்டு. இது எழுவாய் களவாடப்பட்ட வினை. கற்பித்தவர் யார் என்ற கேள்வியே அவ்வாக்கியத்தில் எழாது. நாமும் 2018இலே மேடையேறி அவ்வாறுதான் பேசினோம்.

அடுத்த முறை அவள் வந்தபோது, அந்த வேலையை விட்டுவிடுமாறு சொன்னோம். அவள் இணங்கவில்லை. “விட்டுட்டு எங்க சேர் போறது? கொழும்புல கார்மண்டுக்குப் போனா தம்பிய யாரு பாக்கிறது? அம்மாவோட மலைக்கிப் போனா அட்டக் கடியோட அரைப் பேர். இதுல கழிக்காத மாசம் பதினஞ்சாயிரம் வருது” என்றாள். எமக்கு மறுமொழி இருக்கவில்லை. மாதந்தோறும் அரசாங்கச் சம்பளம் பெறுகின்ற ஆசிரியர் பிறருக்குத் துறவு போதிப்பது எளிது. அவள் கேட்டது விடுதலையன்று. செய்த வேலைக்குக் கூலி.

அவளுக்குச் சொல்லத்தக்க செய்தி சிலவற்றையும் எமது தேடலிலே கண்டிருந்தோம். லில்லி இரானி, சிக்ஸ் சில்பர்மன் என்னும் இருவர், துருக்கனிலே உழைப்போர் வேலை கொடுப்போரை மதிப்பிட்டு எழுதுவதற்கென ‘டேர்க்கொப்டிகன்’ என்றொரு பொதுப் பதிவேட்டை உருவாக்கினர். எவர் ஒழுங்காகக் கூலி தருகிறார், எவர் காரணமின்றிக் கழிக்கிறார் என்பதை அதிலே ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்டனர். 2014ஆம் ஆண்டு நத்தார்க் காலத்திலே, தாம் மனிதர் என்பதை அமேசன் அதிபர் ஜெஃப் பெசோசுக்கு அறிவிக்கும் கடிதங்களை அத்தொழிலாளர் எழுதினர். செயற்கை நுண்ணறிவுக்கு நஞ்சையும் நல்லதையும் பிரித்துக் காட்டுவதற்காகக் கொடூரமான எழுத்துக்களை நாள் முழுதும் படித்த கென்ய நாட்டுத் தொழிலாளருக்கு மணிக்கு 2 டொலருக்கும் குறைவாகவே கிடைத்ததை ‘டைம்’ சஞ்சிகை 2023 ஜனவரியிலே வெளியிட்டது. அவ்வாண்டு மே தினத்தன்று, இணையத்தின் அழுக்கை வடிகட்டும் வேலை செய்தோர் 150 பேருக்கு மேல் நைரோபியிலே கூடித் தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தனர்.

அட்டன் என்னும் எமது ஊருக்கும் இவ்வகையிலே ஒரு பழைய வரலாறு உண்டு. தோட்டங்களுக்குள் அந்நியர் கால் வைக்க இயலாத காலத்திலே புடைவை வியாபாரி வேடம் பூண்டு உட்புகுந்த கோ. நடேசய்யர், 1931இலே தோட்டத் தொழிலாளருக்கான சங்கத்தை இங்கேதான் தொடங்கினார். அதனை நாம் வகுப்பிலே பலமுறை கூறியிருக்கிறோம். அவள் அதை மறக்கவில்லை.

“இப்போ புடவ வியாபாரியா வர்றதுக்கு ஒரு தோட்டமே இல்லையே சேர். எங்க போயி பூர்றது?” என்று கேட்டுச் சிரித்தாள்.

ஆயினும் அவள் சும்மா இருக்கவில்லை. தன் லயத்திலும் அயல் டிவிசன்களிலும் இதே வேலையைச் செய்யும் பெண்கள் நால்வரைத் தேடிப் பிடித்திருக்கிறாள். அவர்களில் ஒருத்திக்கு அதே வாரம், அதே எண்ணுள்ள வேலை கொடுப்பவரிடமிருந்து, அதே ஒற்றை வரி வந்திருந்ததாம். ஞாயிறு தோறும் கோயில் மண்டபத்திலே ஐவரும் கூடுகிறார்கள். நாற்பது தாள் கொப்பியொன்றிலே திகதி, வேலை எண், படங்களின் தொகை, கழித்த தொகை, சொன்ன காரணம் என்று பத்திகள் கீறி எழுதுகிறார்கள். சென்ற ஞாயிறு எம்மையும் அழைத்தார்கள். சென்றிருந்தோம். பத்திகளுக்கு மேலே தலைப்பிடுவதிலே சிறு விவாதம் எழுந்தது. ‘நிராகரிப்பு’ என்று எழுதுமாறு நாம் பண்டிதத்தனமாகக் கூறியதை அவர்கள் ஏற்கவில்லை. ‘கழிவு’ என்றே எழுதினார்கள்.

இரண்டாவது கடிதம் ஐவர் பெயராலும் எழுதப்பட்டிருக்கிறது. இம்முறை பதில் வேண்டாத முகவரிக்கு அனுப்பாமல், அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர் என்று பெருமையோடு குறிப்பிட்டுள்ள வாகனக் கொம்பனிக்கே அனுப்புவதாக உத்தேசம். அது அவளுடைய யோசனை. எமது பாடசாலை ஆங்கில ஆசிரியை இரண்டு இடங்களிலே திருத்தம் செய்து கொடுத்திருக்கிறார். இணைப்புக்கு ரீலோட் போட்டதும் நாளை இரவு அனுப்புவார்கள்.